துண்டுக்குள் கை

துறைத்தலைவர் முருகேசனின் அறைக்கதவைப் படாரென்று அறைந்து சாத்த வேண்டும் என்றுதான் ருக்சானாவுக்கு இருந்தது. ஆனால் அந்தக் கதவின் தலையில் தானாக மூடும் இரும்புக் கை ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். என்ன வேகத்தில் இழுத்தாலும் அது மெதுவாக, மரியாதையாக, சத்தமே இல்லாமல்தான் மூடும். கோபத்தைக் காட்டக்கூட அந்தக் கல்லூரியில் ஒரு வசதி கிடையாது.

ருக்சானா திண்டுக்கல்லில் அந்தக் கல்லூரியின் விலங்கியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பேரில்தான் இருந்தது. மற்றபடி தேர்வுத்தாள் திருத்துவது, விழாவுக்குக் கோலம் போட ஆள் பிடிப்பது, வெளியூர் விருந்தாளிக்கு வடை வாங்கிவரச் சொல்வது என்று எல்லாமே அவள் தலையில்தான் விழும். இன்னொரு கட்டும் இருந்தது. அவள் பகுதிநேரமாகச் செய்துவந்த முனைவர் பட்ட ஆய்வுக்கு முருகேசன்தான் கைடு. குளத்து நத்தைகளைப் பற்றிய அவளுடைய தீசிஸ் முழுசாக எழுதி, அட்டை போட்டு, அவர் மேசையில் கிடந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். அவரோ அதன்மேல் டீ கிளாஸை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். அட்டை முழுக்க வட்டம் வட்டமாகக் கறை.

அந்தப் புதன்கிழமை அவர் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னதிலேயே அவளுக்குச் சுருக்கென்றது. அவர் யாரையும் உட்காரச் சொல்லுகிற ஆள் இல்லை.

"இந்தா பாரும்மா, அந்த ஆட்டுப்புழு ஆராய்ச்சிப் பேப்பரை ஏத்துக்கிட்டாங்கன்னு மெயில் வந்துருச்சு, ரொம்பச் சந்தோசம். முதப் பேரை மட்டும் நம்ம விக்னேஷ்குமார்னு மாத்திருவோம். சுகன்யா புள்ளைக்குக் கடைசியில நன்றின்னு ஒரு வரி போட்டாப் போதும். நீதான பத்திரிகைக்கு அனுப்புன ஆளு, மாத்தச் சொல்லி ஒரு மெயில் போட்டுவிடு. ஒன் தீசிஸ்ல நாளைக்கே கையெழுத்துப் போட்டுர்றேன்."

விக்னேஷ்குமார் அவருடைய மருமகன். கோயம்புத்தூரில் ஏதோ தனியார் கல்லூரியில் வேலை. பதவி உயர்வுக்கு முதல் பெயரோடு ஒரு கட்டுரை வேண்டுமாம். அதற்கு அவர் கண்ணில் பட்டது சுகன்யாவின் கட்டுரை.

கட்டுரையின் முதல் பெயர் என்றால் சும்மா இல்லை. வேலையைச் செய்தவர் இவர்தான் என்று உலகத்துக்குச் சொல்லுகிற பெயர் அது. முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் சுகன்யா, பெங்களூரில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிறுவனத்தில் முனைவர் படிப்புக்கு விண்ணப்பித்து, நேர்முகத் தேர்வுக்குத் தேர்வாகியிருந்தாள். விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரையைக் காட்டித்தான் உள்ளே நுழைந்திருந்தாள். வருகிற திங்கட்கிழமை நேர்முகம். அதற்குள் பெயர் மாறிவிட்டால் என்ன ஆகும்? பொய் சொல்லி வந்த பெண் என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார்கள். இது முருகேசனுக்குத் தெரியாதா? தெரியும். கேட்டதற்கு, அந்தப் புள்ளைக்கு எதுக்கும்மா பெங்களூரு, பேசாம பி.எட். சேர்ந்து படிக்கச் சொல்லு, பொம்பளைப் புள்ளைக்கு அதுதான் தோது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் ருக்சானாவுக்கு உள்ளங்காலில் இருந்து பற்றிக்கொண்டு வந்தது.

என்ன உழைப்பு அந்தப் பெண்ணுடையது! சுகன்யாவின் அப்பா சுருளிவேல் அய்யலூர் ஆட்டுச் சந்தையில் தரகர். வியாழக்கிழமை தோறும் விடிவதற்கு முன்னால் அங்கே ஆடும் ஆளும் முட்டிமோதும். ஆடுகளுக்குக் கொடுக்கிற குடற்புழு மருந்து இப்போதெல்லாம் வேலை செய்வதில்லை என்று அப்பா வீட்டில் புலம்பியதைக் கேட்டு, அது நிஜமா என்று கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினாள் மகள். கண்டுபிடிப்பது எப்படி? ஆட்டின் பின்னாலேயே போய் சூடான புழுக்கையைப் பையில் பிடித்து, தெர்மாகோல் பெட்டியில் வைத்து பஸ் ஏறி, ஆய்வகத்துக்கு வந்து கரைத்து, நுண்ணோக்கியில் புழு முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் இதைச் செய்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார ஆள் வரமாட்டார்கள். வகுப்பில் புழுக்கை சுகன்யா என்று பேர் வைத்தார்கள். அவள் அதற்கும் சிரித்துக்கொண்டே எண்ணினாள். மருந்தை அரைகுறை அளவில் அடிக்கடி கொடுத்துக் கொடுத்து, புழுக்கள் அதற்குப் பழகிப்போய்விட்டன என்று கணக்கோடு நிரூபித்தும் விட்டாள்.

ஆய்வகத்து நுண்ணோக்கிக்கு உறை கிழிந்துபோய், புதுசு கேட்டுக் கேட்டு வராமல், கடைசியில் சுகன்யா தன் அப்பாவின் பழைய சிவப்புக் கட்டம் போட்ட துண்டைக் கொண்டுவந்து மூடி வைத்தாள். எத்தனை துவைத்தாலும் அதில் ஆட்டு வாடை போகவில்லை. முருகேசன் ஆய்வகத்துப் பக்கம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போவார். அந்தக் கட்டுரைக்கு அவர் செய்த உதவி அவ்வளவுதான். ஆனாலும் துறைத்தலைவர் ஆயிற்றே என்று கடைசிப் பெயராக அவரையும் சேர்த்துத்தான் ருக்சானா அனுப்பியிருந்தாள். அது போதவில்லை மனிதருக்கு.

ஒரு தடவை ருக்சானாவும் சுகன்யாவோடு சந்தைக்குப் போனாள். சுருளிவேல் அவளைக் கூட்டத்தில் இடிபடாமல் கூட்டிப்போய், ஆட்டுக்கு விலை பேசுவது எப்படி என்று காட்டினார். விற்பவரும் வாங்குபவரும் கையோடு கை சேர்த்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து அழுத்துவதுதான் விலை. சுற்றி நிற்கிற யாருக்கும் தெரியாது. துண்டை எடுத்தால் பேச்சு முடிந்தது. இதில் ஏமாற்று நடக்காதா என்று ருக்சானா கேட்டாள். அவர் கொஞ்சம் ரோசப்பட்டுத்தான் பதில் சொன்னார். பேசுகிற ஆடு தன்னுடைய உருப்படியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடையவன் நம்பி ஒப்படைத்ததாக இருக்க வேண்டும், அடுத்தவன் ஆட்டுக்குத் துண்டுக்குள் கை விட்டவன் மறுவாரம் சந்தைக்குள் காலெடுத்து வைக்க முடியாது என்றார்.

கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி முருகேசன் பேசியபோது ருக்சானாவுக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கருத்தரங்குக்கு முன்னால் சொல்லு என்று அவர் அவள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்.

நேரே ஆய்வகத்துக்குப் போனாள். சுகன்யா நுண்ணோக்கியில் வைக்கிற கண்ணாடிச் சில்லுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ருக்சானா இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று வார்த்தையைத் தேடுவதற்குள் அவளே சொன்னாள், எனக்குத் தெரியும்க்கா, சார் திங்கக்கிழமையே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார் என்று.

"நீ என்ன சொன்னே?"

"சரிங்க சார்ன்னேன்."

ருக்சானாவுக்குத் தலை சுற்றியது. இந்த ஒரு வார்த்தையை ஒழிப்பதற்காகத்தானே அவள் இத்தனை நாளாகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள்? ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பிள்ளைகளை ஆய்வகத்தில் உட்காரவைத்து நேர்முகத்துக்குப் பழக்குவாள். யாரும் அவளுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. அவளுக்கு இருபது வயதில் இதையெல்லாம் சொல்ல ஆளே இல்லாமல் போனதில் வந்த வயிற்றெரிச்சல்தான் காரணம். எங்கே விண்ணப்பிப்பது, எந்தப் பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தாலும் பிள்ளைகள் கடைசியில் ஒரே இடத்தில்தான் விழுந்தார்கள். அவள் நேர்முகம் எடுக்கும் பேராசிரியராக நடித்து வேண்டுமென்றே தப்பாக ஒன்றைச் சொல்வாள். நாலு பேரும் ஒரே குரலில் "சரிங்க சார்" என்பார்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஊறிப்போன வார்த்தை. கேட்டுக்கொண்டேன் என்றும் அர்த்தம், ஒத்துக்கொண்டேன் என்றும் அர்த்தம், அடிக்காதீர்கள் என்றும் அர்த்தம். அங்கே போய் அதைச் சொன்னால் தொலைந்தீர்கள், உங்களுக்குச் சொந்தப் புத்தி இருக்கிறதா என்று பார்க்கத்தான் அவர்கள் தப்பாகக் கேட்பார்கள் என்று மன்றாடிப் பார்த்தாள். கேட்கவில்லை. கடைசியில் ஒரு சட்டம் போட்டாள். யார் வாயில் இருந்து "சரிங்க சார்" வந்தாலும், அந்த வாரத்துக் கண்ணாடிச் சில்லு முழுவதும் அவர்தான் கழுவ வேண்டும். புழுக்கைக் கரைசல் காய்ந்த சில்லு. சீக்கிரத்தில் போகாது, நாற்றமும் அடிக்கும். அதற்குப் பயந்தே பிள்ளைகள் பாதி திருந்தியிருந்தார்கள்.

"ஏன்டி, உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? ஒன் வேலையைத் தூக்கி எவனுக்கோ குடுக்கிறேங்கிறார், சரிங்க சார்ங்கிறே?"

சுகன்யா குழாயை மூடினாள். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"உங்க தீசிஸும் இதுலதான் இருக்குன்னார்க்கா. நீ சரின்னா உங்க மேடத்துக்கு அடுத்த வாரம் பட்டம், இல்லேன்னா அது எம் மேசையிலயே மக்கிப் போகும்னார். எனக்காக நீங்க அம்புட்டுப் பாடுபட்டிருக்கீங்க. நான் வேற என்ன சொல்ல?"

ருக்சானா பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மனிதர் இரண்டு பக்கமும் கையை விட்டிருக்கிறார். இவளிடம் பட்டத்தைக் காட்டி ஆசை, அவளிடம் அதே பட்டத்தைக் காட்டி மிரட்டல். சட்டத்துக்குப் பயந்து அந்தப் பெண் தானாகவே சில்லுக் கழுவிக்கொண்டு நின்றிருக்கிறாள், யாரும் சொல்லாமலே. அதைப் பார்க்க ருக்சானாவுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அவளை நாலு அறை அறையலாமா, கட்டிப்பிடித்துக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்யவில்லை.

வீட்டில் அம்மா தாஹிராவிடம் சொன்னாள். அம்மா நெத்திலி ஆய்ந்துகொண்டே கேட்டாள். பேகம்பூர் முழுக்க எம் மக டாக்டர் ஆகப் போறான்னு சொல்லி வச்சிருக்கேன், ஆறு வருஷமா ஒவ்வொரு தொழுகையிலயும் துஆ செய்யிறேன், ஒரு கையெழுத்துக்கு ஏன்டி மல்லுக்கு நிக்கிறே, அந்தப் புள்ளைதான் சரின்னுருச்சே என்றாள். வாங்கிக்கிட்டு அப்புறம் சண்டை போடு, யார் வேண்டாங்கிறா?

கேவலம், அது ருக்சானாவுக்கும் ஒரு நிமிஷம் நியாயமாகத்தான் பட்டது. போனில் அந்த மெயிலை எழுதிக்கூடப் பார்த்தாள். நாலே வரி. அனுப்புகிற இடத்தில் விரல் நின்றது. சுகன்யாவின் பெயரை அடித்துவிட்டு விக்னேஷ்குமார் என்று தன் கையால் எழுதியிருப்பதைப் படித்தபோது தன்மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அழித்தாள். அழித்த பிறகும் தூக்கம் வரவில்லை. ஆறு வருஷம் குளம் குளமாகச் சேற்றில் இறங்கி நத்தை பொறுக்கியவள் அவள். அந்தத் தீசிஸும் பொய் இல்லையே. அதை மட்டும் எதற்காகக் குப்பையில் போட வேண்டும்?

வெள்ளிக்கிழமை கருத்தரங்கு. முதல்வர் வந்தார். பக்கத்துக் கல்லூரிகளில் இருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். அழைப்பிதழை வாங்கிப் பார்த்தபோதுதான் ருக்சானாவுக்குத் தெரிந்தது, அவளுடைய பதிலுக்கு முருகேசன் காத்திருக்கவே இல்லை என்று. சிறப்புரை: முனைவர் விக்னேஷ்குமார். தலைப்பு: சுகன்யாவின் தலைப்பு.

அவர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். சுகன்யா செய்துவைத்திருந்த படங்களையே திரையில் ஓட்டிக்கொண்டு, அய்யலூர்ச் சந்தையில் நான் மாதிரிகளைச் சேகரித்தபோது என்று ஆரம்பித்தார். மேடைக்குப் பக்கத்தில் விருந்தாளிகள் முட்டைகளைப் பார்ப்பதற்காக நுண்ணோக்கியைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். அதன்மேல் அந்தச் சிவப்புக் கட்டத் துண்டு. சுகன்யா அதற்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு, எடுபிடி ஆள் மாதிரி நின்றாள்.

பேச்சு முடிந்ததும் முன்வரிசையில் இருந்த வயதான பேராசிரியை ஒருவர் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். இந்த வெயிலில் மாதிரிகளைக் கெடாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள்? முட்டை பொரிந்துவிட்டால் கணக்கே தப்பாகிவிடுமே. விக்னேஷ்குமார் தண்ணீர் குடித்தார். மாமனாரைப் பார்த்தார். மாமனார் மேடையில் உட்கார்ந்தபடியே மைக்கை இழுத்துக்கொண்டு, அந்தச் சில்லறை வேலையெல்லாம் எங்கள் மாணவி பார்த்துக்கொண்டாள் என்று சிரித்தார்.

"என்னம்மா சுகன்யா, எல்லாம் விக்னேஷ் சார் சொல்லிக்குடுத்தபடிதான செஞ்சே?"

மொத்தக் கூட்டமும் அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தது. ருக்சானாவின் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் மூன்று பேரும் கடைசி வரிசையில் மூச்சுவிடாமல் இருந்தார்கள். சுகன்யா வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் முருகேசனைப் பார்க்கவில்லை. ருக்சானாவைப் பார்த்தாள். சொல்லத் தெரியாமல் அவள் நிற்கவில்லை என்பது ருக்சானாவுக்குப் புரிந்துவிட்டது. அங்கே அவள் வாயை அடைத்துக்கொண்டிருந்தது ருக்சானாவின் தீசிஸ்தான்.

எப்படி எழுந்தாள், எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. நுண்ணோக்கி மேலிருந்த துண்டை ஒரே இழுப்பாக இழுத்தாள். மேடையேறி, மேசைமேல் விரித்துவைத்திருந்த முருகேசனின் வலது கையின்மேல் அதை விசிறிப் போட்டாள். அவர் கையை எடுக்கக்கூடத் தோன்றாமல் துண்டுக்குள் கையோடு உட்கார்ந்திருந்தார். மைக் அவள் பக்கத்தில் இருந்தது.

"சார், எங்க சுகன்யாவோட அப்பா அய்யலூர்ல இப்படித்தான் ஆடு பேசுவார். துண்டைப் போட்டு, யாருக்கும் தெரியாம. நீங்க புதன்கிழமை கதவைச் சாத்திக்கிட்டு எங்கிட்ட பேசுனீங்க. பேப்பர்ல மொதப் பேரை மாத்து, ஒன் தீசிஸ்ல கையெழுத்துப் போடுறேன்னு. அதுக்கு முன்னாடியே இந்தப் புள்ளையைக் கூப்பிட்டு, சரின்னு சொல்லலேன்னா மேடத்துக்குப் பட்டம் இல்லேன்னு பேசியிருக்கீங்க. பேசுங்க. ஆனா பேசுறதுக்கு ஆடு உங்களோடதா இருக்கணும் சார். அடுத்தவன் ஆட்டுக்குத் துண்டுக்குள்ள கை விட்டவனை அய்யலூர்ல சந்தைக்குள்ளயே சேக்கமாட்டாங்க."

ருக்சானா திரும்பினாள்.

"சுகன்யா, என் தீசிஸை நான் பாத்துக்குவேன். அதை நெனச்சு நீ நிக்காதே. சார் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

சுகன்யா கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"இல்லைங்க சார். இவரை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

யாரும் கைதட்டவில்லை. முதல்வர் கடிகாரத்தைப் பார்த்தார். விக்னேஷ்குமார் கோட்டைக் கழற்றலாமா வேண்டாமா என்பதுபோல் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த வயதான பேராசிரியை மட்டும் எழுந்து நுண்ணோக்கிக்கு வந்து குனிந்து பார்த்துவிட்டு, சரிம்மா, அப்போ நீயே சொல்லு, மாதிரியை எப்படிக் கொண்டுவந்தே என்று சுகன்யாவிடம் கேட்டார். மீன்காரர்களிடம் பழைய ஐஸ் பெட்டி வாங்கியதில் தொடங்கி அவள் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் குரல் நடுங்கியது. அப்புறம் நடுங்கவில்லை.

ருக்சானா தாழ்வாரத்துக்கு வந்து போனை எடுத்தாள். பத்திரிகைக்கு எழுதினாள். ஆசிரியர் பெயர்களில் எந்த மாற்றமும் இல்லை, முதல் ஆசிரியர் சுகன்யா. அனுப்பினாள். இந்த முறை விரல் நிற்கவில்லை.

அதற்குள் கூட்டம் கலைந்து வெளியே வர ஆரம்பித்திருந்தது. முருகேசன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். முகம் சிவந்து, உதடு துடித்தது. சுகன்யாவும் மற்ற மூன்று பிள்ளைகளும் அவர் பின்னால் வந்து தயங்கி நின்றார்கள்.

"பெரிய இவன்னு நெனப்பா? ஒன் தீசிஸ் இனி ஜென்மத்துக்கும் எம் மேசையை விட்டு நகராது. வேற கைடு தேடிக்க. ஒன்னை எவன் எடுக்கிறான்னு நானும் பாக்குறேன். தெரிஞ்சுக்க."

வேறு கைடு என்றால் பல்கலைக்கழகத்துக்கு நாயாக அலைய வேண்டும், இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ, ஆகாமலே போகுமோ. அடுத்த வருஷம் இந்தக் கௌரவ வேலையே இருக்குமா என்பதும் தெரியாது. அம்மாவிடம் என்ன சொல்வது? ருக்சானாவுக்கு இதெல்லாம் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து இறங்கியது. திருப்பிச் சொல்ல ஆயிரம் இருந்தது. ஆனால் தொண்டையில் இருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான்.

"சரிங்க சார்."

அவர் விருட்டென்று போய்விட்டார். தூரத்தில் அவர் அறைக்கதவு மெதுவாக, சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. பிள்ளைகள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சுகன்யாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள்தான் முதலில் பேசினாள்.

"அக்கா, இந்த வாரச் சில்லு உங்களுக்குத்தான்."

ருக்சானா ஆய்வகத்துக்குப் போய் முழங்கை வரை கையை மடித்து விட்டுக்கொண்டு குழாயைத் திறந்தாள். கருத்தரங்குக்காகத் தயார் செய்த சில்லெல்லாம் காய்ந்து கறுத்துப்போய்த் தட்டு நிறையக் கிடந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து ஆத்திரம் தீருமட்டும் தேய்த்தாள். ஆத்திரம் தீரவில்லை. பக்கத்தில் சுகன்யா நின்றுகொண்டு, திங்கட்கிழமை பெங்களூரில் கேட்கப்போவதை ஒத்திகை பார்க்கலாம்க்கா, கேளுங்க என்றாள். ருக்சானா தேய்த்துக்கொண்டே வேண்டுமென்றே தப்பாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இல்லைங்க சார், அது தப்பு" என்றாள் சுகன்யா.